சூசையண்ணன் லாரியின் சத்தம்

தம்பிகளா, டீசல் இன்ஜினுக்குப் பம்ப் டைமிங் வைப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அது புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. பொறுமையாகப் படத்தைப் பார்த்துச் செய்தால் உங்களில் யாருக்கும் வந்துவிடும். நான் சொல்ல வந்தது, வேலை முடிந்த பிறகு வருகிற சங்கடத்தைப் பற்றி. இன்ஜினை ஓடவிட்டதும் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். லாரிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். போதாததற்கு உங்கள் காதும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் கையில் இருக்கிற ஸ்பேனரை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் படம் போடவில்லை.

முப்பதுகளின் கடைசி அது. மலாயாவின் பினாங்குத் தீவில் டீசல் லாரிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. நான் வேலை செய்த பட்டறையில் பெட்ரோல் வண்டிகள் மட்டும். முதலாளிக்கு டீசல் என்றாலே ஆகாது. "கப்பல்ல கெடக்க வேண்டிய சனியன ஜாலான்ல, ரோட்டு மேல, ஓட்டுறானுங்க. என் பட்டறைக்குள்ள அது வரக்கூடாது" என்பார். பட்டறைக்கு வருவதற்கு முன்னால் நான் துறைமுகத்தில் மோட்டார் படகுகளின் இன்ஜின்களோடு கிடந்தவன்; டீசல் எனக்குப் பழக்கம். இது எப்படியோ வெளியே தெரிந்து, டீசல் லாரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

வீடு ஜெலுத்தோங்கில் ஒரு சந்துக்குள் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, முன்னால் ஒரு லாரி நிற்கும் அளவுக்கு மண் தரை, ஓரத்தில் ஒரு தென்னை. பட்டறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு மரப்பெட்டி நிறையச் சாமான்கள், என் மனைவி பாக்கியம், நான். பாக்கியத்தை ஏன் சாமான்களோடு சேர்த்துச் சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். அவள் இல்லாமல் அந்த வாசலில் ஒரு பம்பையும் நான் சரிசெய்ததில்லை. இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பும்போது, பம்பின் முதல் வாயிலிருந்து வழிகிற டீசல் ஓர் இடத்தில் சட்டென்று நிற்கும். நிற்கிற அந்த இடத்தில்தான் பம்ப் இன்ஜினுக்குள் டீசலைத் தள்ளத் தொடங்குகிறது. திருப்புகிற ஆள் முன்பக்கம் குனிந்து கிடப்பான்; வழிவதைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். என் வீட்டில் அந்தக் கண் பாக்கியத்துடையது. சேலையில் டீசல் நாற்றம் ஏறுகிறது என்று வாரம் முழுவதும் என்னைத் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே பழைய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு சூசையண்ணன் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. லாரியின் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் 'மாதா துணை' என்று அவரே எழுதியிருந்தார். அதில் 'ணை' மட்டும் இடம் போதாமல் ஓரத்தில் நசுங்கியிருக்கும். பெட்ரோல் லாரியில் பல காலம் கூலிக்கு ஓட்டி, அப்போதுதான் சொந்தமாக ஒரு டீசல் லாரி வாங்கியிருந்தார்.

இறங்கும்போதே அவர் முகம் சரியில்லை.

"தம்பி, நேத்தும் மலையில நின்னுருச்சு. இதோட ரெண்டு தரம். ஹாஜி இன்னிக்கு ஒரு நாள்தான்னு சொல்லிட்டாரு. இன்னிக்கும் நின்னா இந்த டுரியான் சீசன் முழுக்க வேற லாரிக்குப் போயிடும்."

ஹாஜி என்பவர் பாலிக் புலாவ் மலைச்சரிவில் பெரிய டுரியான் தோட்டம் வைத்திருந்த மலாய்க்காரர். டுரியான் பழம் இரவில் தானாக விழும், விடியற்காலையில் பொறுக்குவார்கள், அன்று மாலைக்குள் ஜார்ஜ் டவுன் கடைகளுக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் என்றால் வெடித்து, புளித்து, யாரும் தொட மாட்டார்கள். பாலிக் புலாவிலிருந்து ஊருக்கு வர ஒரு மலை ஏறி இறங்கித் தெலுக் கும்பார் பக்கம் வர வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் பாரத்தோடு சூசையண்ணன் லாரி மூச்சு வாங்கி நின்றிருக்கிறது. இரண்டு முறையும் பழங்களை மாட்டுவண்டியில் மாற்றி ஏற்றி, பாதி வீணாய்ப் போனது. டுரியான் சீசன் போனால் அந்த லாரிக்கு வேறு நல்ல வேலை கிடையாது. வீட்டில் அடுப்பெரிவது அதை நம்பித்தான்.

இன்ஜினை ஓடவிடச் சொன்னேன். ஓடவிட்டார். எனக்கு ஆச்சரியம். டீசல் இன்ஜின் அவ்வளவு அடக்கமாக ஓடி நான் கேட்டதே இல்லை. புது மருமகள் மாமியார் வீட்டில் நடக்கிற மாதிரி சத்தமே இல்லை. பின்னால் புகைக்குழாயிலிருந்து மட்டும் சாம்பல் நிறத்தில் புகை, கண்ணைக் கரிக்கிற புகை.

"எப்படி இருக்கு? பட்டு மாதிரி ஓடுதுல்ல?" என்றார் சூசையண்ணன். அந்தக் கவலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன். பம்பையும் இன்ஜினையும் இணைக்கிற கப்ளிங்கில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. போல்ட்டுகளின் தலையில் புதுசாக ஸ்பேனர் பட்ட தடம்.

"யாருண்ணே இத தொட்டது?"

"யாரும் தொடலயே. அது கம்பெனி மார்க்குலா."

பாக்கியம் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கப்ளிங்கைப் பார்த்தாள், நிமிர்ந்து லாரியின் நெற்றியைப் பார்த்தாள், மறுபடி கப்ளிங்கைப் பார்த்தாள்.

"ஏண்ணே, கம்பெனிக்காரனும் ஒங்க பெயிண்ட்டுதான் வாங்குறானா?" என்று கேட்டாள்.

சூசையண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவர் வீடு கோயிலுக்குப் பக்கத்தில். விடியற்காலையில் லாரியை எடுத்தால் 'டொக் டொக் டொக்' என்று அந்தப் பகுதியே எழுந்துவிடுமாம். அதற்கு 'சூசை வீட்டு உரல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோயிலுக்குப் போனால், "இன்னிக்கு என்ன இடிச்சீங்க, மொளகாயா, மஞ்சளா?" என்று கேலி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த டொக் டொக் இன்ஜினை உள்ளே இருந்தே உடைக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர் நம்பியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோல் லாரிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். தீப்பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டுமா, பிந்தி விழ வேண்டுமா என்பதை ஓட்டுகிறவனே கையால் மாற்றிக்கொள்ளலாம். இன்ஜின் தட்டினால் நெம்புகோலைப் பின்னால் இழு, தட்டுவது நிற்கும். பெட்ரோல் லாரிக்காரர்களுக்கு அது மூக்கைச் சொறிகிற மாதிரி ஒரு பழக்கம். நெம்புகோல் இல்லாத டீசல் லாரியில் சூசையண்ணன் அதே வேலையை ஸ்பேனரால் செய்துவிட்டார். சத்தம் அடங்கும்வரை, டீசல் பிந்திப் போகும்படி பம்பைப் பின்னால் தள்ளித் தள்ளி, அடங்கிய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டார். சத்தத்தோடு சேர்ந்து பலமும் போனது அவருக்குத் தெரியவில்லை. சமதரையில் அது தெரியவும் தெரியாது.

பெயிண்டைச் சுரண்டினேன். சற்றுத் தள்ளி, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், உளியால் வெட்டிய பழைய கோடு இருந்தது. பம்பை அந்தக் கோட்டுக்கு நகர்த்தினேன். ஆனால் அதையும் நான் அப்படியே நம்பவில்லை. அதுவும் யாரோ ஒரு மனிதன் போட்ட கோடுதானே. பாக்கியத்தை வழிகிற டீசலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இன்ஜினைத் திருப்பினேன்.

"வருது… வருது… கொறையுது… நின்னுருச்சு!"

இன்ஜினோடு சுற்றுகிற பெரிய சக்கரமான பிளைவீலில் கம்பெனி பொறித்த குறியைப் பார்த்தேன். டீசல் நின்ற அதே நேரத்தில் அதுவும் நேராக வந்து நின்றிருந்தது. சந்தேகத்துக்கு மறுபடியும் திருப்பிப் பார்த்தேன். பாக்கியம் அதே இடத்தில் "நின்னுருச்சு" என்றாள். போல்ட்டுகளை இறுக்கினேன். வேலை முடிந்தது. சங்கடம் அதற்குப் பிறகுதான்.

இன்ஜினை ஓடவிட்டதும் டொக் டொக் டொக் என்று தொடங்கியது பாருங்கள், தென்னையில் இருந்த காக்கைகள் எழுந்து போயின. பக்கத்து வீட்டு முனியாண்டி கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். துறைமுகத்தில் இராத்திரி மூட்டை தூக்கிவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனிதர்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? வரும்போது ஒழுங்கா ஓடுன வண்டிலா இது? நான் தூக்கத்துல கேட்டேனே!"

"பாத்தியா தம்பி, அவருக்கே தெரியுது" என்றார் சூசையண்ணன். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஒடைஞ்சிரும் தம்பி. நிறுத்து, நிறுத்து. பழையபடி வெச்சுக் குடு. புகையடிச்சாலும் பரவாயில்ல, நின்னாலும் தண்ணி ஊத்தி எடுத்துக்கிறேன். இன்ஜினே போச்சுன்னா நான் எங்க போவேன்?"

முனியாண்டியின் சத்தம் கேட்டுச் சந்திலிருந்த மற்றவர்களும் வந்து நின்றார்கள். ஒருவர் எண்ணெய் போதவில்லை என்றார். இன்னொருவர் ஏதோ கழன்று கிடக்கிறது என்றார். ஒரு பயலுக்கும் டீசலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே குரலில், இது தப்பு என்றார்கள்.

எனக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். நானும் பட்டறையில் பகல் முழுக்கப் பெட்ரோல் இன்ஜின் சத்தம் கேட்கிறவன். தட்டுகிற சத்தம் கேட்டால் என் கையும் தானாக ஸ்பேனரை நோக்கிப் போகும். அன்றைக்கும் போனது. கப்ளிங் போல்ட்டின் தலையில் ஸ்பேனரை வைத்தும் விட்டேன். சற்றே பின்னால் தள்ளினால் போதும். சூசையண்ணன் முகம் மலர்ந்துவிடும், முனியாண்டி தூங்கப் போய்விடுவார், நான் நல்ல மெக்கானிக் என்று பெயர் வாங்கிவிடலாம். அவ்வளவு சுலபம். பாக்கியம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தது பொய்யா?" என்றாள் மெதுவாக.

ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தும் கொண்டேன்.

"சூசையண்ணே, இது நிக்கிற இடத்துல, சூடு ஏறாம, பாரம் இல்லாம போடுற சத்தம். இந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் தள்ளி வெக்க மாட்டேன். ஒங்க லாரி, நீங்க வேணா தள்ளிக்கலாம். ஆனா என் ஸ்பேனர் குடுக்க மாட்டேன்."

"என் பொழப்பு தம்பி இது!"

"அதனாலதான் சொல்றேன். நானும் கூட வர்றேன். மலையில இன்ஜின் ஒடைஞ்சா, செலவு என்னோடது. நின்னுச்சுன்னா, இனிமே இந்த வாசல்ல ஒரு டீசல் லாரியும் நிக்காது. போதுமா?"

வீம்புக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது. உண்மையில் வேறு வழி தெரியாமல் சொன்னேன். எனக்குப் பயம்தான். பிளைவீல் குறியும் பாக்கியத்தின் கண்ணும் சரி என்று சொல்லும்போது, கேட்பதற்கு நன்றாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்றினால், பிறகு நான் எதை வைத்து வேலை செய்வது? அந்த ஒரு கேள்விதான் என்னை அந்தப் பெட்டிமேல் உட்கார வைத்திருந்தது.

போனோம். ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் சூசையண்ணன் சாலையையே பார்த்து ஓட்டினார். அவர் இடது கை மட்டும் அடிக்கடி ஸ்டீயரிங்குக்குக் கீழே போய், இல்லாத நெம்புகோலைத் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. மலை ஏறினோம், காலி வண்டி, சிரமமில்லை. உச்சியைத் தாண்டிப் பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது மலைச்சரிவு முழுக்க எங்கள் டொக் டொக் எதிரொலித்தது. சூசையண்ணன் வெட்கத்தில் குறுகிப் போய் ஓட்டினார்.

தோட்டத்து வாசலில் ஹாஜி நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெட்ரோல் லாரி. அதன் டிரைவர் மட்கார்டில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். மலாயில் ஹாஜி சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"சூசை, கோபித்துக்கொள்ளாதே. பழத்தை உன் வண்டியில்தான் ஏற்றுகிறேன். ஆனால் இவன் உன் பின்னாலேயே வருவான். நீ மலையில் நின்றால், அங்கேயே இவன் வண்டிக்கு மாற்றிவிடுவோம். நாளையிலிருந்து இவன்தான்."

கூடைகள் ஏறின. முள் முள்ளாக, வாசனையாக, லாரியின் பலகைகள் முனகும் அளவுக்கு ஏறின. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் நான் கூடைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏற்றம் தொடங்கியது. பின்னால் பெட்ரோல் லாரி, அதன் முகம் எங்கள் பின்பலகையை முட்டுகிற மாதிரி நெருங்கி வந்தது. முதல் வளைவு. சூசையண்ணன் கியரை இறக்கினார். வேகம் குறைந்தது. இன்ஜின் சூடாகி, பாரம் அழுத்த அழுத்த, அந்த டொக் டொக் முரட்டுத்தனம் குறைந்து, நெருக்கமாக, ஒரே சீராக வர ஆரம்பித்தது. எனக்கு முதுகெலும்பில் ஒரு தைரியம் வந்தது. சூசையண்ணனுக்கு வரவில்லை. அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

மலையில் ஓர் இடத்தில், பாறையிலிருந்து தண்ணீர் வழிகிற செங்குத்தான வளைவு ஒன்று உண்டு. இரண்டு முறையும் லாரி நின்றது அங்கேதான். அந்த வளைவு கண்ணில் பட்டதும் அவர் இடது கை மறுபடியும் கீழே போய்த் தேடியது. நான் அந்தக் கையைப் பிடித்து ஸ்டீயரிங்மேல் வைத்தேன்.

"அங்க ஒண்ணும் இல்லண்ணே. மிதிங்க."

மிதித்தார். லாரி ஊர்ந்தது. நடந்து போகிறவன் எங்களைத் தாண்டிவிடுவான், அவ்வளவு மெதுவாகத்தான். ஆனால் நிற்கவில்லை. பாறைத் தண்ணீர் என் கைப்பக்கமாக மெல்லப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன், கண்ணைக் கரிக்கிற அந்தச் சாம்பல் புகை இல்லை. வளைவு முடிந்தது. இன்னொரு வளைவு. பிறகு எதிரே வானம் தெரிந்தது, உச்சிக்கு வந்துவிட்டோம்.

பின்னால் வந்த பெட்ரோல் லாரி ஒதுங்கி நின்று ஒரு முறை ஹாரன் அடித்தது. கோபமா, வாழ்த்தா என்று தெரியவில்லை. டிரைவர் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சூசையண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். தெலுக் கும்பாருக்கு இறங்கினோம். அங்கே ஒரு கடையைக் கண்டதும், "பசிக்குது தம்பி. காலையில இருந்து ஒண்ணும் எறங்கல" என்றார். எனக்கும் அப்போதுதான் பசித்தது. அன்றைக்குச் சாப்பிட்ட மீன் குழம்பு மாதிரி அப்புறம் நான் சாப்பிட்டதில்லை.

தம்பிகளா, கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க மாட்டேன். சத்தத்துக்குப் பயப்படாதே என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருப்பேன். அது பாதிதான்.

அந்த சீசன் முழுக்க சூசையண்ணன்தான் பழம் ஏற்றினார். கொஞ்ச நாளில் வேடிக்கையான ஒன்று நடந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். வருவது யார் வண்டி என்று தோட்டத்தில் தெரியாது. ஆனால் டொக் டொக் ஒன்றே ஒன்றுதான். உச்சியில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், சரிவிலிருக்கிற ஆட்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு இறங்கிவிடுவார்கள். லாரி வந்து சேரும்போது பழம் தயாராக நிற்கும். காத்திருப்பே இல்லை. "முன்னாடி நீ பூனை மாதிரி வருவே, கூடை எடுக்க ஆள் தேடணும். இப்போ நீ வர்றது மலைக்கே தெரியுது" என்று ஹாஜி சிரித்தாராம். 'சூசை வீட்டு உரல்' என்று கேலி செய்தவர்களிடம் இதை அவரே போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சீசன் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அதே வெள்ளை வேட்டி சட்டையோடு என் வாசலில் லாரியை நிறுத்தினார். கையில் ஒரு கூடை டுரியான். பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, இன்ஜின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

"என்னண்ணே, மறுபடியும் நின்னுச்சா?"

"சேச்சே! ஜோரா ஏறுதுலா. அது வந்து… ஹாஜி மலை மேல ஒரு புதுத் தோட்டம் எடுத்திருக்காரு. அங்க இருக்கிறவனுங்களுக்கு நம்ம வண்டி வர்றது சரியாக் கேக்க மாட்டேங்குதாம்." குரலைத் தாழ்த்தினார். "பம்ப கொஞ்சம் முன்னால தள்ளுனா சத்தம் இன்னும் ஏறும்ல? கொஞ்சம்தான் தம்பி. ஒரு மயிரிழை."

முன்னால் தள்ளினால் சத்தம் ஏறும் என்பது உண்மைதான். அப்படித் தள்ளினால் பிஸ்டன் உடையும் என்பதும் உண்மை. அன்றைக்கு அவர் பயந்தது நடக்க வேண்டுமென்றால் இதுதான் வழி.

"முடியாதுண்ணே" என்றேன்.

அவர் முகம் தொங்கிப் போனது. அன்றைக்குச் சத்தத்தைக் குறைக்க மாட்டேன் என்றபோது எப்படித் தொங்கியதோ, அதேபோல. சிரிக்கக் கூடாது என்று நான் எவ்வளவோ முயன்றேன். பாக்கியம் முயலவே இல்லை. ஸ்பேனர் பெட்டியை என் பக்கத்திலிருந்து காலால் உள்ளே தள்ளிவிட்டு, கூடையிலிருந்த டுரியானைப் பிளந்துகொண்டே சொன்னாள்:

"போங்கண்ணே. கொறைக்கவும் மாட்டாரு, ஏத்தவும் மாட்டாரு. வேற யாருகிட்டயும் இல்லாத ஹாரனா ஒண்ணு வாங்கி மாட்டிக்கிங்க."